இதே கேள்வி முன்பே வந்திருக்கிறதா? எலாஸ்டிக்சர்ச்சில் ஒத்த ஆவணங்களைக் கண்டெடுக்க ஒரு வழிகாட்டி

விவசாயிகள் எழுதிக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பும் ஒரு சின்னத் தன்னார்வக் குழுவில் நான் கணினி வேலை பார்க்கிறேன். 2006 முதல் சேர்ந்த கேள்வி பதில்கள் 9,400. பதில் எழுதுவது ஓர் அக்கா மட்டும்தான். தென்னை ஓலையின் அடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கிறது என்று கடிதம் வரும். போன மாதம் எழுதிய அதே பதிலை அக்கா மறுபடி முதலிலிருந்து எழுதுவார். பழைய பதில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினால் அரைமணி நேரம் போய்விடும்.

புதுக் கேள்வி வந்ததும் அதற்கு நெருக்கமான ஐந்து பழைய கேள்விகள் அக்காவின் திரையில் தெரிய வேண்டும். கேட்டது அவ்வளவுதான். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி மென்பொருளை வைத்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நம்பி இறங்கினேன், நான்கு மாதம் ஆனது. தேடுபொறி கடினமானது என்பதால் இல்லை. அதில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவுகள் எல்லாம் நீளமான, லட்சக்கணக்கான ஆவணங்களை மனதில் வைத்துப் போட்டவை. நம்மிடம் இருப்பதோ குட்டிக் குட்டியான தமிழ்க் கேள்விகள், சில ஆயிரம். இதே வேலையை எடுக்கும் அடுத்தவருக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: மென்பொருளில் உள்ள அமைப்புகளின் (செட்டிங்குகளின்) பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் பெரும்பாலும் அடிக்கோடு வரும் ('விஎம்', 'டிஸ்கவரி' இரண்டுக்கும் பின்னால் மட்டும் புள்ளி, 'சிங்கிள் நோட்'டின் நடுவே இடைக்கோடு).

1. இது உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

எலாஸ்டிக்சர்ச்சில் 'மோர் லைக் திஸ்' என்று ஒரு வினவல், அதாவது தேடச் சொல்லி அனுப்பும் கட்டளை, உண்டு. அதிலிருந்து பிரிந்த ஓப்பன்சர்ச்சிலும் உண்டு. நீங்கள் கொடுக்கும் ஆவணத்தைச் சொற்களாகப் பிரித்து, இந்த ஆவணத்தில் அடிக்கடி வந்து மற்றவற்றில் அரிதாக வரும் சொற்களை அது பொறுக்கி எடுக்கும், அதிகபட்சம் 25. அந்தச் சொற்களில் சில இருக்கும் ஆவணங்களைத் தேடி, கூடுதலாகப் பொருந்துவதை மேலே வைக்கும்.

அது பொருளைப் புரிந்துகொள்வதில்லை. "ஓலை கருகுது" என்று ஒருவரும் "மட்டை காய்கிறது" என்று இன்னொருவரும் எழுதினால் இரண்டையும் அது சேர்க்காது. பொருளைப் பிடிக்க வேண்டுமானால், கேள்வியை எண்களாக மாற்றி ஒப்பிடும் வெக்டர் முறை வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். 300 ஆவணங்கள்தான் இருக்கின்றன என்றால் இதுவும் வேண்டாம். தலைப்பு வாரியாக ஒரு நல்ல பட்டியல் போதும்.

2. ஆவணங்களைச் சுத்தம் செய்யுங்கள்

நான்கு மாதத்தில் இரண்டரை மாதம் இங்கேதான் போனது. இதை அவசரப்படுத்தினால் பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் பலன் இருக்காது.

முதலில் எழுத்துக் குறியாக்கம். பழைய கோப்புகள் பாமினி, டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருந்தால், அந்த எழுத்துருவை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான் தெரியும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இதற்கு இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு நூறு கோப்புக்கு ஐந்தாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

யூனிகோடாக இருந்தாலும் சிக்கல் இருக்கிறது. 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். 'கொய்யா' என்று தேடினால் பாதிக் கொய்யா கிடைக்காது. எல்லாக் கோப்பையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். பைத்தானில் ஒரே வரி.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. 'பௌர்ணமி'யைப் பலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தைத் தட்டி 'பெளர்ணமி' ஆக்கிவிடுகிறார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று 'ெள' வரும் இடத்தையெல்லாம் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'வெள்ளை'யும் 'தெளிப்பு'ம் சேர்ந்து கெட்டுவிடும். சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும். 'ஸ்ரீ'க்கும் இரண்டு குறியாக்கம் உண்டு. சில விசைப்பலகைகள் சொல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெற்றுக் குறிகளைப் போட்டுவிடும், அவற்றையும் நீக்குங்கள்.

அடுத்தது, கேள்வி வேறு பதில் வேறு என்று பிரியுங்கள். நான் முதலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். ஏறக்குறைய எல்லாப் பதிலும் "அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகவும்" என்று முடிவதால், கத்தரிக்காய்க் கேள்விக்குக் கறவை மாட்டுக் கேள்வி ஒத்ததாக வந்து நின்றது. ஒப்பிடுவது கேள்வியோடு கேள்வியை மட்டும்தான். பதிலைக் காட்டுவதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஆவணத்துக்கும் நான் தொடக்கத்தில் வைத்த புலங்கள் இவ்வளவே: எண், கேள்வி, பதில், தேதி, பயிர், மாவட்டம். கேள்வியில் வரும் பெயர், தொலைபேசி எண், சர்வே எண் மூன்றையும் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். நம்பி எழுதியவர்களின் விவரம் தேடுபொறிக்குள் கிடக்கக் கூடாது.

செலவு என்று பார்த்தால் கையெழுத்துக் கடிதங்களைத் தட்டச்சு செய்ததுதான் எங்களுக்குப் பெரிய தொகை. மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் ஆகவில்லை.

3. கணினியை ஏற்பாடு செய்யுங்கள்

பத்தாயிரம் சிறு ஆவணங்களுக்கு 4 ஜிபி நினைவகம் உள்ள ஒரே வாடகை சர்வர் போதும். அந்த நினைவகத்தில் பாதிக்கு மேல் எலாஸ்டிக்சர்ச்சின் ஜாவா ஹீப்புக்கு (அது தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் நினைவகம்) கொடுக்காதீர்கள், மீதி கோப்பு வேகத்துக்கு வேண்டும். லினக்ஸில் 'விஎம் மேக்ஸ் மேப் கவுண்ட்' என்ற அமைப்பு குறைந்தது 262144 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து இணைக்கும்படி அமைத்த சர்வர் தொடங்காமல் நின்றுவிடலாம். ஒரே சர்வர்தான் என்றால் 'டிஸ்கவரி டைப்' என்பதை 'சிங்கிள் நோட்' ஆக்குங்கள்.

8-ம் பதிப்பு முதல் பாதுகாப்பு தானாகவே இயங்கும். முதல் முறை தொடங்கும்போது திரையில் கடவுச்சொல் வரும், உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாடங்களில் பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்வார்கள், செய்யாதீர்கள். எலாஸ்டிக்சர்ச் பேசும் 9200 என்ற வாசலை (போர்ட்டை) இணையத்துக்குத் திறந்து வைக்கவே கூடாது.

வட்டு நிறைவதையும் கவனியுங்கள். 95 சதவீதம் நிரம்பினால் எழுதுவதை எலாஸ்டிக்சர்ச் நிறுத்திவிடும், படிக்க மட்டும் முடியும். எங்களுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் இப்படி நின்றது. வட்டை நிறைத்தது தேடுபொறி இல்லை, வேறொரு நிரலின் பதிவுக் கோப்புகள்.

4. ஷார்டு ஒன்றே போதும்

இதுதான் என்னை அதிகம் அலைக்கழித்த இடம். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எலாஸ்டிக்சர்ச் பகிர்ந்து இயங்கும் தேடுபொறி. இண்டெக்ஸை, அதாவது ஏற்றிய ஆவணங்களின் தொகுப்பை, துண்டுகளாக்கிப் பல கணினிகளில் வைக்க முடியும், அந்தத் துண்டுக்குப் பெயர் ஷார்டு. வினவல் வந்தால் ஒவ்வொரு ஷார்டும் தன்னிடம் உள்ள ஆவணங்களில் தனித்தனியே தேடி, தன் முடிவைத் தரும். பிறகு அவை ஒன்றாகச் சேரும். கோடிக்கணக்கான ஆவணங்களுக்கு இது அருமையான ஏற்பாடு.

ஒரு சொல் அரிதானதா இல்லையா என்பதையும் ஒவ்வொரு ஷார்டும் தன் பங்கை மட்டும் வைத்தே முடிவு செய்கிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். மோர் லைக் திஸ்ஸில் 'மின் டாக் ஃப்ரீக்' என்று ஓர் அளவு உண்டு. ஒரு சொல் குறைந்தது எத்தனை ஆவணத்தில் இருந்தால் அதைக் கணக்கில் எடுக்கலாம் என்பது அது. தானாக இருப்பது 5. இந்த 5 ஒவ்வொரு ஷார்டுக்கும் தனித்தனி.

மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு 2018-ல்தான் இந்தியாவில் கண்டறியப்பட்டது. எங்கள் தொகுப்பில் அந்தச் சொல் 17 கேள்விகளில் இருந்தது. நான் ஒரு பழைய பாடத்தைப் பார்த்து 5 ஷார்டு போட்டிருந்தேன், 7-ம் பதிப்புக்கு முன்பு அதுதான் வழக்கம். 17 கேள்விகள் ஐந்து இடத்தில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் மூன்றோ நான்கோதான். எந்த ஷார்டும் 5-ஐ எட்டவில்லை. ஆக, அந்தக் கேள்வியின் உயிரான சொல்லையே எல்லா ஷார்டும் தூக்கிப் போட்டுவிட்டு, 'மக்காச்சோளம்', 'மருந்து' என்று பொதுச் சொற்களை வைத்துத் தேடின. அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, படைப்புழுன்னு நேரா தேடினா வருது, இதுல ஏன் வரமாட்டேங்குது?" பதில் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

'டிஎஃப்எஸ் க்வெரி தென் ஃபெட்ச்' என்று தேடல் வகையை மாற்றச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள். எல்லா ஷார்டின் கணக்கையும் கூட்டி மதிப்பெண் போட அது உதவும், உண்மைதான். ஆனால் எந்தச் சொற்களைப் பொறுக்குவது என்ற முதல் கட்டத்தை அது சரிசெய்யாது. சிறு தொகுப்புக்கு ஒரே ஷார்டுதான் சரியான மருந்து. இப்போதைய பதிப்புகளில் தானாக இருப்பதும் ஒன்றுதான், அதை மாற்றாமல் விடுங்கள்.

ரெப்ளிகா, அதாவது ஷார்டின் நகல், தானாக 1 என்று இருக்கும். ஒரே சர்வரில் நகலை வைக்க இடமில்லாததால் நிலை மஞ்சளாகத் தெரியும். பயப்படாதீர்கள், ரெப்ளிகாவை 0 ஆக்கினால் பச்சையாகிவிடும். காப்பு நகலைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. தமிழுக்கு அனலைசர் அமையுங்கள்

எழுத்தைச் சொற்களாகப் பிரித்துப் பதப்படுத்தும் பகுதிதான் அனலைசர். இந்திக்கும் வங்காளத்துக்கும் எலாஸ்டிக்சர்ச்சிலேயே தயார் அனலைசர் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. பொதுவான 'ஸ்டாண்டர்டு' டோக்கனைசர் தமிழ்ச் சொற்களைச் சரியாகவே பிரிக்கிறது. ஆனால் தென்னை, தென்னையில், தென்னைக்கு மூன்றும் அதற்கு வெவ்வேறு சொற்கள். வேற்றுமை உருபு ஒட்டும் நம் மொழியில் இப்படியே விட்டால் ஒப்புமை என்று எதுவும் தேறாது.

நான் கையாண்ட எளிய வழி 'ட்ரங்கேட்' என்ற வடிப்பான். ஒவ்வொரு சொல்லிலும் முதல் சில குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். எண்ணும்போது கவனம்: நமக்கு 'வி' ஓர் எழுத்து, கணினிக்கு 'வ'வும் இகரக் குறியுமாக இரண்டு. புள்ளியும் ஒரு குறிதான். 6 என்று வைத்தால் விவசாயம், விவசாயத்தில், விவசாயிகளுக்கு எல்லாம் 'விவசாய' ஆகும். தென்னை வகையறா எல்லாம் 'தென்னை' ஆகும்.

இதில் இரண்டு குறை உண்டு. வெள்ளாடும் வெள்ளாமையும் 'வெள்ளா' என்று ஒன்றாகிவிடும். எங்களுக்கு ஆட்டு நோய்க் கேள்விக்கு நெல் அறுவடை வந்தது. இன்னொரு பக்கம் நெல், நெல்லில், நெல்லுக்கு போன்ற சின்னச் சொற்கள் ஒன்றுசேராமல் தனித்தனியாகவே நிற்கும். இரண்டுக்கும் 'ஸ்டெம்மர் ஓவர்ரைடு' என்ற வடிப்பானை வெட்டும் வடிப்பானுக்கு முன்னால் வையுங்கள். அதில் "நெல்லில், நெல்லுக்கு, நெல்லின் எல்லாம் நெல்" என்று வரி வரியாக எழுதலாம். அங்கே எழுதிய சொல்லை அடுத்த வடிப்பான் வெட்டாது. அக்காவும் நானும் உட்கார்ந்து பயிர், பூச்சி, நோய் பெயர்களுக்கு 300 வரி எழுதினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை. செய்த வேலைகளில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

என்ன, எப்படி, வேண்டும், ஐயா, வணக்கம் போன்ற சொற்களை நீக்கும் 'ஸ்டாப்' வடிப்பானையும் வெட்டுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் 'வேண்டும்' ஏற்கெனவே 'வேண்டு' ஆகியிருக்கும், பட்டியலில் உள்ள சொல்லோடு பொருந்தாது.

அனலைசரை மாற்றினால் எல்லா ஆவணத்தையும் மறுபடி ஏற்றியாக வேண்டும். நான் ஒன்பது முறை ஏற்றினேன். அதனால் முதல் நாளிலிருந்தே இண்டெக்ஸுக்கு 'கேள்விகள்-1' என்று எண் போட்டுப் பெயர் வைத்து, உங்கள் நிரல் 'கேள்விகள்' என்ற ஏலியஸை (மாற்றுப்பெயரை) மட்டும் பார்க்கும்படி செய்யுங்கள். புதியதைத் தயார் செய்துவிட்டு ஏலியஸைத் திருப்பினால் போதும், அக்காவின் வேலை ஒரு நிமிடமும் நிற்காது.

6. ஏற்றுங்கள், எண்ணிப் பாருங்கள்

'பல்க்' முறையில் ஆயிரம் ஆயிரமாக அனுப்புங்கள். 9,400-ம் ஒரு நிமிடத்துக்குள் ஏறிவிட்டது. கோப்பின் கடைசி வரிக்குப் பிறகும் ஒரு புதுவரிக் குறி இருக்க வேண்டும், இல்லையென்றால் பிழை வரும். சில ஆவணங்கள் ஏறாமல் போனாலும் மொத்தக் கோரிக்கை வெற்றி என்றே பதில் வரும். பதிலுக்குள் 'எர்ரர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள், பிறகு எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தேதி வடிவம் தப்பாக இருந்த 212 கேள்விகள் எனக்கு இப்படித்தான் காணாமல் போயின.

ஏற்றிய ஆவணம் தேடலில் தெரிய சுமார் ஒரு நொடி ஆகும். உடனே தேடிவிட்டு இல்லை என்று கலங்க வேண்டாம்.

7. வினவலை எழுதுங்கள்

புதுக் கேள்வி இன்னும் இண்டெக்ஸில் இருக்காது. ஆகவே 'லைக்' என்ற இடத்தில் கேள்வியின் உரையையே கொடுங்கள். அந்த உரைக்கு, புலங்களின் பட்டியலில் முதலில் உள்ள புலத்தின் அனலைசர்தான் பயன்படும். வெட்டாத புலத்தை முதலில் எழுதினால் வெட்டிய புலத்தில் எதுவும் பொருந்தாது. ஒரே புலம் போதும்: பதப்படுத்திய கேள்வி.

நான் வைத்திருக்கும் அளவுகள், காரணத்தோடு:

'மின் டெர்ம் ஃப்ரீக்' 1. தானாக இருப்பது 2, அதாவது கொடுத்த ஆவணத்தில் ஒரு சொல் இரண்டு முறையாவது வர வேண்டும். இருபது சொல் உள்ள கேள்வியில் எந்தச் சொல் இரண்டு முறை வரும்? முதல் நாள் எனக்கு எல்லாக் கேள்விக்கும் வெற்று விடை வந்ததற்கு இதுதான் காரணம். உங்களுக்கும் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

'மின் டாக் ஃப்ரீக்' 2. ஒன்று என்று வைத்தால் ஒரே ஒரு கடிதத்தில் உள்ள எழுத்துப்பிழை உலகிலேயே அரிய சொல்லாகி மேலே வந்துவிடும்.

'மேக்ஸ் க்வெரி டெர்ம்ஸ்' 12. அதிகபட்சம் எத்தனை சொற்களைப் பொறுக்கலாம் என்பது இது. எங்கள் கேள்விகளில் விஷயம் உள்ள சொற்கள் அதற்கு மேல் இருப்பதில்லை.

'மினிமம் ஷுட் மேட்ச்' 2. பொறுக்கிய சொற்களில் குறைந்தது எத்தனை பொருந்த வேண்டும் என்பது இது. தானாக இருப்பது 30 சதவீதம். நீளமாக எழுதுபவருக்கும் சுருக்கமாக எழுதுபவருக்கும் சதவீதம் வேறு வேறு எண்ணாக மாறுவதால், எண்ணாகவே வைத்துவிட்டேன்.

வரும் மதிப்பெண்ணைச் சதவீதமாகக் காட்டாதீர்கள். ஒரு கேள்விக்கு 14 என்பது நல்ல பொருத்தமாக இருக்கும், இன்னொன்றுக்கு 22 கூட மோசமாக இருக்கும். வரிசை மட்டும்தான் நம்பத்தக்கது.

8. எந்தச் சொற்களை எடுத்தது என்று பாருங்கள்

'வேலிடேட்' என்ற வசதிக்கு உங்கள் வினவலைக் கொடுத்து, 'ரீரைட்' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால், தேடுபொறி உள்ளுக்குள் எந்தச் சொற்களைப் பொறுக்கியது என்று அப்படியே காட்டும். 'ஆல் ஷார்ட்ஸ்' சேர்த்தால் ஒவ்வொரு ஷார்டும் எடுத்ததைத் தனித்தனியே பார்க்கலாம். படைப்புழு விஷயம் எனக்கு விளங்கியது இங்கேதான். இதை முதல் வாரமே யாராவது காட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. ஊர்ப் பெயர்தான் கேள்வியில் உள்ள சொற்களிலேயே அரிதானது. அதனால் ஒரே கிராமத்திலிருந்து வந்த வாழைக் கேள்வியும் கோழிக் கேள்வியும் ஒத்தவை என்று வந்துகொண்டிருந்தன. ஊர்ப் பெயர்களை ஸ்டாப் பட்டியலில் சேர்த்தோம்.

9. ஒரு தேர்வுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள்

எந்த அளவை மாற்றும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள், நான் தாமதமாகச் செய்தேன். விஷயம் தெரிந்தவரை உட்காரவைத்து 50 கேள்விகளுக்கு, இதற்கு இந்தப் பழைய பதில் பொருந்தும் என்று குறித்து வாங்குங்கள். அக்காவுக்கு ஒரு மதியம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த 50-ஐயும் ஓட்டி, சரியான பதில் முதல் ஐந்துக்குள் வந்தது எத்தனை என்று எண்ணுங்கள். எங்களுக்கு முதலில் 14, கடைசியில் 37. நடுவில் நான் பெரிய முன்னேற்றம் என்று நினைத்த இரண்டு மாற்றங்கள் எண்ணிக்கையைக் குறைத்திருந்தன.

மீதி 13-ல் பெரும்பாலானவை ஓலை, மட்டை போன்ற சிக்கல்தான். அதற்கு வெக்டர் முறை. பல மொழி அறிந்த ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியால் (மாடல்) ஒவ்வொரு கேள்வியையும் எண்களாக மாற்றி, 'டென்ஸ் வெக்டர்' புலத்தில் வைத்துத் தேட வேண்டும். 384 எண்கள் என்றால் ஆவணத்துக்கு 1,536 பைட், எங்கள் தொகுப்புக்கு 15 எம்பிகூட வராது. இடம் பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் எண்ணாக மாற்றும் வேலையை எந்தக் கணினி செய்யும், வட்டாரத் தமிழ் அந்த மாதிரிக்கு எவ்வளவு புரியும் என்பவைதான் கேள்வி. அதையும் இதே தேர்வுத்தாளை வைத்து அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

10. பழைய பதிலுக்குக் காவல் போடுங்கள்

ஒத்த கேள்வி கிடைத்துவிட்டது என்பதால் அதன் பதில் இன்றைக்கும் சரி என்று ஆகாது. எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. எங்கள் தொகுப்பில் அதற்கு முந்தைய பதில்கள் பலவற்றில் அந்த மருந்து இருக்கிறது. தேடுபொறிக்கு அது தெரியாது, நன்றாகப் பொருந்துகிறது என்று முதலாவதாகக் கொண்டுவந்து வைக்கும்.

அதனால் வினவலை, நிபந்தனைகளைச் சேர்க்க உதவும் 'பூல்' என்ற உறைக்குள் வைத்து, 'ஃபில்டர்' பகுதியில் இரண்டு நிபந்தனை சேர்த்தோம். பயிர் தெரிந்திருந்தால் அந்தப் பயிர் மட்டும். 'சரிபார்த்தது' என்று அக்கா குறித்த பதில்கள் மட்டும். ஃபில்டர் மதிப்பெண்ணைத் தொடாது, ஆவணத்தை உள்ளே விடலாமா கூடாதா என்று மட்டும் பார்க்கும். தடைசெய்த மருந்துகளின் பெயர்ப் பட்டியலை வைத்து ஒரு சின்ன நிரல் எல்லாப் பதில்களையும் சலித்து, சந்தேகமானவற்றின் குறியை நீக்கிவிடுகிறது. பட்டியல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி ஓட்டுகிறோம். மருந்தும் அளவும் வரும் எந்தப் பதிலையும் அக்கா ஒரு முறை படிக்காமல் அனுப்புவதில்லை. பதிலை அனுப்பும் பொத்தானைத் தானாக இயங்கும்படி செய்து தர முடியுமா என்று குழுவில் கேட்டார்கள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.